அம்பாசிடருக்குள் வி-8 நுழையுமா?

1985-ல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் வண்டலூர் ஆலையிலிருந்து ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. சாலையில் போனால் திரும்பிப் பார்க்க வைக்கும் வண்டி. உடல் முழுக்க பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1, ஐரோப்பாவில் 1977-ன் சிறந்த கார் என்று விருது வாங்கிய வடிவம். அங்கே முதலில் வந்தபோது அதன் பானெட்டுக்கு அடியில் இருந்தது 3.5 லிட்டர் அலுமினிய வி-8 எஞ்சின், 155 குதிரைத்திறன். இங்கே வைத்தது 1991 சி.சி., நான்கு சிலிண்டர், 83 குதிரைத்திறன். அதன் பூர்வீகம் 1940-களில் வந்த ஸ்டாண்டர்டு வான்கார்டு கார். அந்தக் குடும்பத்து எஞ்சின்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும் இருந்து வயல் உழுதது. கார் எடுபடவில்லை. சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றது.

இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் நேர் எதிரான வேலை ஒன்று நடந்திருந்தது. எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1798 சி.சி. பி-சீரிஸ் எஞ்சினோடு ஓடிக்கொண்டிருந்தது. 1973-ல் அதற்குப் பதிலாக ரோவரின் அதே வி-8-ஐ வைத்து எம்.ஜி.பி. ஜி.டி. வி-8 என்று விற்றார்கள். சிலிண்டர் இரு மடங்கு ஆகியும் எஞ்சினின் எடை கூடவில்லை. பழையது வார்ப்பிரும்பு, புதியது அலுமினியம் என்பதால், வண்டியின் மூக்கு கனத்துத் தாழவும் இல்லை. வெளியே எடுத்து வைத்த அந்த பி-சீரிஸ் வேறு யாருமில்லை, நம் அம்பாசிடரில் அரை நூற்றாண்டு முனகிய 1489 சி.சி. எஞ்சினுக்கு அண்ணன்.

பழைய காரில் வேறு எஞ்சினை ஏற்றுவது என்றால் பணமும் பொழுதும் மிகுந்தவர்களின் பித்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்தியாவில் அதைப் பெரிய அளவில் செய்தவை கம்பெனிகளே. அந்நியச் செலாவணி நெருக்கடியும் லைசென்ஸ் கெடுபிடியும் இருந்த காலத்தில் முழுக் காரையும் புதிதாக வடிவமைக்க யாருக்கும் வழியில்லை. வெளிநாட்டில் நிறுத்தப்பட்ட மாடலின் அச்சுகளை வாங்குவார்கள், கையில் இருக்கும் எஞ்சினை வைப்பார்கள். 1984-ல் வந்த காண்டெஸா, வாக்ஸால் கம்பெனியின் பழைய வி.எக்ஸ். மாடல் உடல், அந்தப் பெரிய உடலை இழுக்க அம்பாசிடரின் அதே 1489 சி.சி. எஞ்சின். பிக்கப் இல்லை என்று எல்லோரும் குறைபட்ட பிறகு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் ஐந்து கியரோடு வந்தது. காண்டெஸாவுக்குப் பெயர் வந்ததே அதற்குப் பிறகுதான். பிரீமியர் 118 என்.இ., ஃபியட் 124-ன் உடலில் நிசானின் 1171 சி.சி. எஞ்சின். அம்பாசிடரே 1990-களில் இசுசுவின் 1.8 பெட்ரோல் எஞ்சினை வாங்கிக்கொண்டு 75 குதிரைத்திறனுக்கு ஏறியது. ஸ்டீயரிங் தண்டில் இருந்த கியர் தடி தரைக்கு இறங்கியதும் அப்போதுதான்.

இவற்றில் எது தேறியது, எது தோற்றது என்று பார்த்தால் குதிரைத்திறன் கணக்கு மட்டும் விடை சொல்வதில்லை. எஞ்சின் மாற்றுகிறவர்கள் முதலில் கேட்பதும் பெருமையடிப்பதும் அந்த எண்ணைத்தான். என்னைக் கேட்டால், ஒரு காரில் எளிதாகக் கூட்டக்கூடியதும் அதுதான். அதைத் தாங்கும்படி மற்றவற்றைக் கொண்டுவருவதில்தான் காசும் காலமும் கரைகின்றன.

முதலில் அந்த எண் என்ன தருகிறது என்று பார்ப்போம். வேகம் கூடும்போது காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். அந்த எதிர்ப்பை மீறி ஓட வேண்டிய திறனோ மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 80 கி.மீ. வேகத்தில் காற்றைத் தள்ளுவதற்குச் செலவாகும் திறனைப்போல 120-ல் மூன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். இதைத் திருப்பிப் போட்டால்தான் வயிறு எரியும். 55 குதிரைத்திறனை 75 ஆக்கினால் திறன் 36 விழுக்காடு கூடுகிறது, உச்ச வேகமோ 11 விழுக்காடுதான் கூடுகிறது. 110-ல் மூச்சு வாங்கிய வண்டி 122-ல் மூச்சு வாங்கும். 1989-ல் லெக்ஸஸ் எல்.எஸ்.400 காரில் வந்த 4 லிட்டர் வி-8 கனவுப் பட்டியல்களில் அடிக்கடி வரும் எஞ்சின். ஏறத்தாழ 250 குதிரைத்திறன். அதை அம்பாசிடரில் வைத்தால் திறன் நாலரை மடங்கு, கணக்குப்படி உச்ச வேகம் 180-ஐ ஒட்டி. அந்த வேகத்தில் அம்பாசிடர் ஓட்ட ஆசைப்படுகிறவரின் காப்பீட்டு முகவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஆனால் ஓட்டுகிறவர் உணர்வது உச்ச வேகத்தை இல்லை, இழுவையை. மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறதா, லாரியைத் தாண்டும்போது மிதித்தவுடன் எகிறுகிறதா என்பதெல்லாம் முறுக்குவிசையின் வேலை. திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே நிறைய முறுக்கும், ஆனால் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றைத் தாண்டி ஓடப் பிடிக்காது. பெட்ரோல் எஞ்சின் ஆறாயிரம் வரை போகும், கீழே சோம்பும். ஆகவே எஞ்சினை மாற்றினால் பின் ஆக்ஸிலில் இருக்கும் பல்சக்கர விகிதமும் பொருந்த வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டயரின் சுற்றளவு 2 மீட்டர், ஆக்ஸில் விகிதம் 4.5-க்கு 1, டாப் கியர் நேரடி என்று வைத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3750 சுற்று சுற்றும். பெட்ரோல் எஞ்சினுக்கு அது பரவாயில்லை. அதே ஆக்ஸிலோடு டீசலை மாட்டினால் நெடுஞ்சாலையில் எந்நேரமும் தன் எல்லையில் கதறிக்கொண்டே வரும். விகிதத்தை 3.5 ஆக்கினால் 2900-க்கு இறங்கிவிடும், டீசலின் இழுவைக்கு அது சௌகரியம். 1980-90-களில் பெட்ரோல் அம்பாசிடரை வாங்கி டீசல் எஞ்சின் ஏற்றிய டாக்ஸிக்காரர்கள் பலர் ஆக்ஸிலைத் தொடவே இல்லை. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த விலை வித்தியாசத்தில் காதைப் பொத்திக்கொள்ளக் கட்டுப்படியாயிற்று.

எந்த எஞ்சின் உள்ளே போகும் என்பது இன்னொரு கேள்வி. அம்பாசிடர், பத்மினி, காண்டெஸா எல்லாமே எஞ்சின் நெடுக்குவாட்டில் முன்னால் நின்று பின் சக்கரத்தை ஓட்டும் வண்டிகள். இன்று பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் எஞ்சின்களில் பெரும்பாலானவை குறுக்குவாட்டில் உட்கார்ந்து முன் சக்கரத்தை ஓட்டுபவை. அவற்றின் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும், அதைத் திருப்பி நிறுத்தினால் பின்னால் தண்டு மாட்ட இடமே இராது. மாருதி ஜிப்ஸியின் 1298 சி.சி. எஞ்சின்மேல் பத்மினிக்காரர்களுக்கு ஒரு கண் இருப்பது இதனால்தான். அது நெடுக்குவாட்டு எஞ்சின், ஐந்து கியர், கனமும் குறைவு.

இடம் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு சன்பீம் டைகரைவிட நல்ல பாடம் இல்லை. பிரிட்டனின் ரூட்ஸ் கம்பெனி தன் சன்பீம் ஆல்பைன் என்ற 1.6 லிட்டர் குட்டிக் காரில் அமெரிக்க ஃபோர்டின் 4.2 லிட்டர் வி-8-ஐத் திணித்து 1964-ல் விற்பனைக்கு விட்டது. முதல் மாதிரிகளுக்குக் கை கொடுத்தவர் அதே ஃபோர்டு எஞ்சினை ஏசி ஏஸ் காரில் வைத்து கோப்ரா என்று பெயரெடுத்த கரோல் ஷெல்பி. எஞ்சினுக்கு வழி விடுவதற்காகப் பழைய ஸ்டீயரிங் அமைப்பையே தூக்கிவிட்டு ரேக்-பினியன் ஸ்டீயரிங் வைக்க வேண்டியிருந்தது. அப்படியும் பின்பக்கம் இடித்தது. ஆலையில், பெயின்ட் அடித்து முடித்த உடலின் தடுப்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்துப் பள்ளமாக்கி எஞ்சினை இறக்கினார்கள். கடைசி ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற பானெட் பக்கத்திலிருந்து கையே போகாது, ஓட்டுநரின் பக்கத்திலிருந்து தகட்டில் ஓட்டை விட்டுத்தான் எட்ட வேண்டும். வண்டி சூடாகிறது என்ற புகாரும் கூடவே வந்தது.

பிறகுதான் வேடிக்கை. ரூட்ஸ் கம்பெனியை கிரைஸ்லர் வாங்கியது. போட்டிக் கம்பெனியான ஃபோர்டின் எஞ்சினைத் தன் காரில் விற்க கிரைஸ்லருக்கு மனம் வருமா? தன் சொந்த வி-8-ஐ வைக்கப் பார்த்தது. ஃபோர்டு எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் இருந்தது, கிரைஸ்லரின் எஞ்சினில் பின்பக்கம். சம்மட்டி அடிக்குப் பிறகும் விரலளவு இடம்தான் மிஞ்சியிருந்த இடத்தில் அது முட்டிக்கொண்டு நின்றது. 1967-ல் டைகரின் கதை முடிந்தது.

வெளியளவு இப்படிக் கழுத்தை அறுப்பதால்தான் ஷெவர்லேயின் எல்.எஸ். வகை வி-8 உலகம் முழுக்க எஞ்சின் மாற்றுகிறவர்களின் செல்லப்பிள்ளை. 1997-ல் கார்வெட்டில் வந்த எல்.எஸ்.1, 5.7 லிட்டர், 345 குதிரைத்திறன். பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. லெக்ஸஸ் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டர் தலைமேலும் இரண்டு கேம்ஷாஃப்ட், ஆக மொத்தம் நான்கு. தலை பருத்து இருபுறமும் விரிந்து நிற்கும். எல்.எஸ். எஞ்சினில் ஒரே கேம்ஷாஃப்ட், அதுவும் வி வடிவின் மடிக்குள் கீழே ஒளிந்திருக்கும். அங்கிருந்து நீளக் குச்சிகள் மேலே போய் வால்வுகளைத் திறக்கும். பழைய பாணி என்று எள்ளி நகையாடப்பட்ட அமைப்பு. நம் பி-சீரிஸ் எஞ்சினிலும் குச்சிதான். அந்தப் பழமையே எஞ்சினை ஒடுக்கமாக்கி, எந்தப் பழைய காரிலும் நுழையும்படி செய்தது.

சரி, எஞ்சின் உள்ளே உட்கார்ந்துவிட்டது. இனிமேல்தான் லேத் பட்டறையின் கைத்திறன். புது எஞ்சினையும் பழைய கியர்பாக்ஸையும் சேர்க்க நடுவில் ஒரு அடாப்டர் தகடு கடைந்து வைக்க வேண்டும். போல்ட் ஓட்டைகள் பொருந்திவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டும் கியர்பாக்ஸின் உள்தண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். டயல் கேஜை ஃப்ளைவீலில் பொருத்தி ஒரு சுற்றுச் சுற்றினால் முள் 0.12 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது என்பது பொதுவான கணக்கு. காகிதத்தாள் ஒன்றைவிடக் கொஞ்சம் கூடுதல் தடிமன், அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றும் தெரியாது. பிறகு கியர் விழாமல் அடம் பிடிக்கும், கியர்பாக்ஸின் முன் பேரிங் ஊளையிடும். பிளேட் மட்டம் என்று சொல்லி மூன்று பிளேட் மாற்றினாலும் கோளாறு தீராது.

பின்னால் போகும் தண்டிலும் இதே கதை. பட்டறைகளில் கிராஸ் என்று சொல்லும் யுனிவர்சல் ஜாயின்டுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. சாய்ந்த கோணத்தில் சுற்றும்போது, உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே போகும் சுழற்சி சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். கோணம் 10 பாகை என்றால் ஏற்ற இறக்கம் ஒன்றரை விழுக்காடு. கொஞ்சம்தானே என்று தோன்றும். மேலே போட்ட கணக்கில் தண்டு 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 3750 முறை சுற்றியது. அப்படியானால் நொடிக்கு 125 உதைகள், ஓட்டுகிறவரின் சீட்டுக்கு அடியில். இதற்கு மருந்து, தண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு ஜாயின்ட் வைத்து இரண்டின் கோணத்தையும் சமமாக்குவது. முதல் ஜாயின்ட் கெடுத்ததை இரண்டாவது சரி செய்துவிடும். கம்பெனி இதைப் பார்த்துத்தான் எஞ்சினைச் சற்றுப் பின்சாய்வாக உட்கார வைத்திருக்கும். உயரமான எஞ்சினை பானெட்டுக்குள் அடக்குவதற்காக அந்தச் சாய்வை மாற்றினால் கோணங்கள் இரண்டும் பிசகும். வீல் பேலன்ஸ் பண்ணு, டயரை மாற்று என்று அலைந்துகொண்டே இருப்பார்கள். நோய் இருப்பது எஞ்சின் மவுண்டில்.

அந்த மவுண்டில் இருக்கும் ரப்பருக்கும் ஒரு வேலை உண்டு. வரிசையாக நிற்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்கள் இரண்டு மேலே போகும்போது இரண்டு கீழே வரும், ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று தோன்றும். முழுக்க ஈடுகட்டாது. கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து நிமிர்வதால் பிஸ்டன் தன் பாதையின் மேல் பாதியைச் சற்று விரைவாகவும் கீழ்ப் பாதியைச் சற்று மெதுவாகவும் கடக்கும். அந்த வித்தியாசம் சுற்றுக்கு இருமுறை மேலும் கீழுமாக உதறும். டீசலில் பிஸ்டன் கனம், எரிப்பின் அடியும் பலம். உதறல் இன்னும் கூடுதல். பெட்ரோல் எஞ்சினுக்கு வைத்த மவுண்டிலேயே டீசலை உட்கார வைத்த அம்பாசிடர்களில் சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிந்ததற்குக் காரணம் இது. நல்ல வி-8 எஞ்சினில் இந்த உதறல் தானாகவே அடங்கிவிடுகிறது, அதன்மேல் இவ்வளவு மோகம் இருப்பதற்குச் சத்தத்தைத் தவிர இதுவும் ஒரு நியாயம்.

வெப்பத்தைச் சீக்கிரம் சொல்லி முடிக்கலாம். பெட்ரோலை எரித்து வரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது, ஒரு பங்கு புகையோடு போகிறது, ஒரு பங்கு ரேடியேட்டருக்கு வருகிறது. சக்கரத்துக்குப் போகும் திறனைக் கூட்டினால் ரேடியேட்டருக்கு வரும் சூடும் அதே அளவு கூடும். பழைய ரேடியேட்டரை வைத்துக்கொண்டு 200 குதிரைத்திறனை முழுதாகப் பயன்படுத்த முடியாது.

பிரேக்குக்கு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆளும் சாமானுமாக 1500 கிலோ எடையில் 80 கி.மீ. வேகத்தில் வரும் காரை நிறுத்தினால் 370 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். சாதாரண வெப்பத்தில் இருக்கும் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வேகம் 160 என்றால் ஆற்றல் நான்கு மடங்கு, ஐந்து லிட்டர் தண்ணீர் கொதிக்கும். அத்தனை சூடும் சில நொடிகளில் நான்கு பிரேக் டிரம்களுக்குள் இறங்குகிறது. டிரம் சூடானால் விரிந்து, உள்ளேயிருந்து அழுத்தும் ஷூவை விட்டு விலகும். பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டும். லைனிங்கின் உராய்வும் சூட்டில் குறையும். மலை இறக்கத்தில் ‘பிரேக் நிற்கலை’ என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். டிஸ்க் பிரேக்கில் தட்டு சூட்டில் தடித்தால் பேடை நோக்கித்தான் வரும், தட்டு முழுக்கக் காற்றில் இருப்பதால் சூடும் சீக்கிரம் ஆறும். பிற்கால அம்பாசிடர்களுக்கு முன்பக்கம் டிஸ்க் பிரேக் வந்தது. எஞ்சினுக்கு லட்சங்களைக் கொட்டிவிட்டு நான்கு சக்கரத்திலும் பழைய டிரம்மோடு ஓட்டுகிறவர்களைத் தைரியசாலிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1990-க்குப் பிந்தைய எஞ்சின் என்றால் இரும்பு வேலை முடிந்தாலும் வேலை முடியாது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கொடுக்கும் பழைய பம்பு தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் கால் பங்கு அளவு. இன்ஜெக்டர்களுக்கோ அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். டேங்குக்குள் மின்பம்பு, தாங்கும் குழாய், மிச்சம் திரும்பும் வழி எல்லாம் புதிதாக வரும். எஞ்சினை ஆளும் கணினி கிராங்க் எந்த நிலையில் நிற்கிறது, புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் என்று ஓயாமல் கேட்கும். ஒரு சென்சாரின் வயரை விட்டுவிட்டால் பாதி வேகத்தில்தான் ஓடும். சாவியில் இருக்கும் சிப்பைத் தேடி, அது இல்லையென்றால் கிளம்பவே மறுக்கும் எஞ்சின்களும் உண்டு. பல பட்டறைகளில் மாதக்கணக்கில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் வண்டிகள் இந்தக் கட்டத்தில் சிக்கியவைதான்.

இவ்வளவும் செய்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாக ஆர்.சி. புத்தகத்தின் விவரங்கள் அமையும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிகளில், ஐம்பது வயது தாண்டிய காருக்கு ‘வி.ஏ.’ என்ற தனி எண் வரிசை தருகிறார்கள். எஞ்சின், சேஸிஸ், உடல் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பது அதற்கு நிபந்தனை. ஆக, லெக்ஸஸ் வி-8 வைத்த அம்பாசிடர் தனியார் ஓடுதளத்தில் ஓடலாம், அண்ணா சாலையில் ஓட முடியாது.

அதே 52-ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மாற்றுச் சாதனத்தைப் பொருத்தி எரிவாயுவுக்கோ பேட்டரிக்கோ மாறலாம். மின்மோட்டாருக்கு நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை உண்டு, கியர் மாற்றத் தேவையில்லை, மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இல்லாததால் உதறலும் இல்லை. ரேடியேட்டர் கவலை பெரும்பாலும் போய்விடும். மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைப்பதால் பிரேக்கின் சுமையும் குறையும். எடை மட்டும் வேறு இடத்துக்குப் போகும். 20 கிலோவாட்மணி லித்தியம் பேட்டரி 130 கிலோவை ஒட்டி வரும், நகருக்குள் ஓட அது போதும். முன்னால் இருந்த இரும்பு எஞ்சினை எடுத்துவிட்டுப் பேட்டரியைப் பாதி முன்னும் பாதி டிக்கியிலுமாகப் பிரித்து வைத்தால் அம்பாசிடரின் பின் லீஃப் ஸ்பிரிங்குகள் பழைய கல்யாணக் கூட்டத்தைச் சுமந்ததைவிடக் குறைவாகத்தான் சுமக்கும். பி-சீரிஸின் முனகல் கேட்காமல் அது அம்பாசிடரா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

முனகலும் வேண்டும், மேடும் ஏற வேண்டும், போலீஸ்காரரும் நிறுத்தக் கூடாது என்கிறவர்களுக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது: இசுசு எஞ்சினோடு ஆலையிலிருந்தே வந்த 1800 அம்பாசிடரைத் தேடி வாங்குவது. மவுண்ட், கிளட்ச், ஐந்து கியர், ஆக்ஸில் எல்லாம் கம்பெனியே பொருத்தம் பார்த்து வைத்தது, ஆர்.சி. புத்தகத்திலும் அந்த எஞ்சின்தான் இருக்கும். கையில் மிச்சப்படும் பணத்தில் முதலில் முன் பிரேக்கைப் பார்த்துவிடுங்கள்.